பந்தயம் சந்தையான கதை

2025 அக்டோபர் 22-ம் தேதி, வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அமைப்பான நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல்., ஒரு செய்தி வெளியிட்டது. கல்ஷி, பாலிமார்க்கெட் என்ற இரண்டு கம்பெனிகளுடன் பல வருட ஒப்பந்தம் போட்டாயிற்று. லீக்கின் பெயரையும் சின்னங்களையும் ஆட்ட விவரங்களையும் அவர்கள் உபயோகித்துக் கொள்ளலாம் என்று. இந்தக் கம்பெனிகள் நடத்துவது கணிப்புச் சந்தை. இன்று ராத்திரி எந்த அணி ஜெயிக்கும் என்பதைக் கம்பெனிப் பங்கு மாதிரி வாங்கி விற்கிற இடம். அங்குள்ள நான்கு பெரிய லீக்குகளில் இப்படிக் கையெழுத்துப் போட்டதில் இதுதான் முதல்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இதே என்.எச்.எல். 1948-ல், பந்தயக்கார ஆசாமி ஒருவரோடு தொடர்பு வைத்திருந்ததற்காக இரண்டு ஆட்டக்காரர்களை ஆயுள் முழுக்கத் தள்ளி வைத்தது. நடுவில் இருக்கிற 77 வருஷத்தை எப்படித் தாண்டினார்கள் என்பதுதான் கதை. அதில் பாதி கணக்கு, பாதி சட்டம், கொஞ்சம் மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கும் உண்டு. நம் மலரில் இதை எழுதத் துணிந்ததற்கு அந்தக் கடைசிக் காரணம் போதும்.

முதலில் ஒரு விளக்கம். இது நம்மூர் பாஸ்கரன் தலைமையில் 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய ஹாக்கி அல்ல. பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வில்லையை அடித்து ஆடுவது. ஒரு பக்கம் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இருபது நிமிஷம் வீதம் மூன்று பகுதி. என்.எச்.எல்.லில் 32 அணிகள். 2025-26 சீசனில் அணிக்கு 82 ஆட்டம் வீதம் மொத்தம் 1,312 லீக் ஆட்டங்கள். அதற்குப் பிறகு பிளேஆஃப், கடைசியில் ஸ்டான்லி கோப்பை. சந்தைக்காரனுக்கு இந்த 1,312 என்ற எண்தான் முக்கியம். தேர்தல் நாலு வருஷத்துக்கு ஒரு முறை. ஹாக்கி கிட்டத்தட்ட தினம்.

சரி, சந்தை எப்படி ஓடுகிறது?

டொரான்டோவுக்கும் மான்ட்ரியலுக்கும் மாட்ச் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் ஒரு சீட்டு இருக்கிறது. டொரான்டோ ஜெயித்தால் அந்தச் சீட்டுக்கு ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். ராமு அதை 62 சென்ட்டுக்கு வாங்கத் தயார். சோமுவுக்கு டொரான்டோ மேல் நம்பிக்கை இல்லை. 'ஜெயிக்காது' என்ற எதிர்ச்சீட்டை 38 சென்ட்டுக்கு வாங்கத் தயார். 62-ம் 38-ம் சேர்ந்தால் சரியாக ஒரு டாலர். எக்ஸ்சேஞ்ச் இரண்டு பேர் காசையும் வாங்கிப் பூட்டி வைக்கிறது. மாட்ச் முடிந்ததும் ஜெயித்தவர் கையில் முழு டாலர். எக்ஸ்சேஞ்சுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது நடுவில் ஒரு சின்னக் கமிஷன்.

அந்த 62 எங்கிருந்து வந்தது? யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ராமு மாதிரி ஆயிரம் பேர், சோமு மாதிரி ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் 'இந்த விலைக்கு வாங்குகிறேன், இந்த விலைக்கு விற்கிறேன்' என்று வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு வரிசையும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அதுதான் விலை. டொரான்டோ ஜெயிக்கும் வாய்ப்பு நிஜத்தில் 70 சதவீதம் என்று ஒருவருக்குத் தெரிந்தால், 62-க்கு வாங்குவதில் சராசரியாகச் சீட்டுக்கு 8 சென்ட் லாபம். சும்மா விடுவாரா? வாங்குவார். வாங்க வாங்க விலை ஏறும். 70-ஐ நெருங்கினதும் ஆசை அடங்கிவிடும். ஆகவே விலையையே நிகழ்தகவாகப் படிக்கலாம். அப்படியே துல்லியமாக அல்ல, ஏறத்தாழ. கமிஷன், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, ரசிகர்களின் பாசம் எல்லாம் அதில் கொஞ்சம் கலப்படம் செய்யும்.

இன்னொரு விசேஷம், ஆட்டம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது பகுதியில் டொரான்டோ ஒரு கோல் போட்டு விலை 80-க்குப் போனால், ராமு விற்றுவிட்டு 18 சென்ட் லாபத்தோடு சாப்பிடப் போகலாம்.

புக்கியிடம் பந்தயம் கட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அமெரிக்க புக்கி, 'டொரான்டோ மைனஸ் 150, மான்ட்ரியல் பிளஸ் 130' என்று எழுதுவார். அதாவது டொரான்டோ மேல் 150 டாலர் கட்டினால் லாபம் 100; மான்ட்ரியல் மேல் 100 கட்டினால் லாபம் 130. சதவீதமாக மாற்றினால் முதலாவது 60, இரண்டாவது 43.5. கூட்டிப் பாருங்கள், 103.5. உலகத்தில் எந்த ஆட்டத்துக்கும் 103.5 சதவீத நிகழ்தகவு கிடையாது. அந்த மூன்றரைதான் புக்கியின் சோறு. விலையை அவர் வைக்கிறார், எதிர்ப்பக்கமும் அவரே நிற்கிறார். தொடர்ந்து ஜெயிக்கிற வாடிக்கையாளரை மெதுவாக வெளியே அனுப்பியும் விடுவார். சந்தையில் அந்தக் கதை இல்லை. ஜெயிக்கிறவர் ஜெயித்துக்கொண்டே இருக்கலாம். தோற்பது இன்னொரு ராமுவோ சோமுவோதான்.

கூட்டமே சேர்ந்து விலை நிர்ணயிப்பது என்ற யோசனை கம்ப்யூட்டர் காலத்துச் சமாச்சாரம் அல்ல. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு புது முறை கொண்டு வந்தார். எல்லாருடைய காசையும் ஒரே உண்டியலில் போடு, கமிஷனை எடு, மிச்சத்தை ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடு. எந்தக் குதிரைக்கு எவ்வளவு என்பதைக் கூட்டம் கட்டிய காசே சொல்லிவிடும். இந்த ஓலர்தான் பிற்பாடு 1889-ல் மூலான் ரூஜ் என்ற கேளிக்கை விடுதியையும் கூட்டாக ஆரம்பித்தார். ஆள் எப்படிப்பட்ட ரசனைக்காரர் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஓலரின் முறையில் ஒரு தொல்லை இருந்தது. பத்திருபது ஜன்னல்களில் ஒரே நேரத்தில் டிக்கெட் விற்கும்போது கூட்டல் கணக்கு யார் போடுவது? இதைத் தீர்த்தவர் ஜார்ஜ் ஜூலியஸ், ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த எஞ்சினியர். அவர் முதலில் செய்தது பந்தய மெஷினே அல்ல. தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்கான மெஷின். அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஓட்டு எண்ணுகிற மெஷின் டிக்கெட் எண்ணாதா என்று அதையே மாற்றி அமைத்தார். 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாண்ட் நகரத்து எல்லர்ஸ்லி பந்தய மைதானத்தில் அது முதன்முதலாக ஓடியது. கம்பிகள், கப்பிகள், எடைகள், இரும்புப் பெட்டிகள் என்று ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டு, பல ஜன்னல்களில் விற்கும் டிக்கெட்டுகளை அந்தந்த நிமிஷமே கூட்டிக் காட்டியது. ஓட்டும் பந்தயமும் ஒரே யந்திரத்தில் அடங்கும் என்பது தற்செயலாக வந்த உண்மைதான். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த உண்மை.

பந்தயம் ஓட்டின் பக்கம் ஏற்கெனவே போயிருந்தது. நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டை ஒட்டிய தெருவோரத் தரகர்கள் ஜனாதிபதித் தேர்தல் மேல் வெளிப்படையாகப் பந்தயம் எடுத்தார்கள். அந்த விகிதங்கள் தினசரிப் பத்திரிகைகளில் வந்தன. கருத்துக் கணிப்பு என்ற சமாச்சாரம் பரவுவதற்கு முந்தைய காலம் அது. இதைத் தோண்டி எடுத்து ஆராய்ந்த ரோட், ஸ்ட்ரம்ப் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், 1884 முதல் 1940 வரையிலான 15 தேர்தல்களில், அக்டோபர் நடுவில் பின்தங்கியிருந்தவர் ஜெயித்தது 1916-ல் மட்டும்தான் என்று கண்டார்கள். உட்ரோ வில்சன் ஜெயித்த வருஷம்.

1945-ல் பொருளாதார நிபுணர் ஹாயக் இதற்குத் தத்துவ அஸ்திவாரம் போட்டார். அறிவு என்பது எந்த ஒரு ஆபீசிலும் மொத்தமாக இல்லை. ஆயிரம் பேர் தலையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது விலை என்பது அவர் வாதத்தின் சாரம். 1988-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஆளுக்கு 500 டாலருக்கு மேல் போட முடியாத ஒரு குட்டிச் சந்தை, தேர்தலைப் பற்றி. 1988 முதல் 2004 வரை 964 கருத்துக் கணிப்புகளோடு ஒப்பிட்டபோது, நான்கில் ஏறக்குறைய மூன்று தடவை சந்தைதான் முடிவுக்கு அருகில் இருந்தது.

அதன் பிறகு விளையாட்டு வர எத்தனை நாளாகும்? 2000-ல் லண்டனில் பெட்ஃபேர் வந்தது. புக்கி இல்லாமல் ஆளும் ஆளும் நேராகப் பந்தயம் கட்டும் எக்ஸ்சேஞ்ச். டப்ளினில் டிரேட்ஸ்போர்ட்ஸ், இன்ட்ரேட் என்ற சந்தைகள் அமெரிக்க வாடிக்கையாளர்களை நம்பியே நடந்தன. 2012 நவம்பரில் அமெரிக்காவின் எதிர்காலப் பொருள் வர்த்தக ஆணையமான சி.எஃப்.டி.சி. இன்ட்ரேட் மேல் வழக்குப் போட்டது; 2013 மார்ச்சில் கடையைச் சாத்தினார்கள். நடுவில், 2003-ல், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா மத்திய கிழக்கு அரசியல் பற்றிச் சந்தை நடத்தப் பார்த்து, 'பயங்கரவாதத்தின் மேல் பந்தயமா?' என்று இரண்டு செனட்டர்கள் போட்ட சத்தத்தில் மறுநாளே திட்டத்தைக் கைவிட்டது தனிக் கூத்து.

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், அது நம் ஆர்டினன்ஸ்களை விட நீளம். 1992-ல் அமெரிக்க காங்கிரஸ், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நெவாடா போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. 2018 மே 14-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. அந்த அக்டோபரிலேயே என்.எச்.எல். ஒரு லாஸ் வேகாஸ் சூதாட்ட நிறுவனத்தோடு கைகுலுக்கியது. கனடாவில் ஒரே ஒரு ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவது சட்டபூர்வமானது 2021 ஆகஸ்டில்தான். அதுவரை ஒரு ஹாக்கிப் பந்தயம் கட்ட வேண்டுமானால் இரண்டு மூன்று ஆட்டங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். எல்லாம் ஜெயித்தால்தான் காசு. ஹாக்கி பிறந்த தேசத்தின் நிலைமை இது.

கல்ஷி வந்த வழி வேறு. எம்.ஐ.டி.யில் படித்த தாரெக் மன்சூர், லுவானா லோப்பஸ் லாரா இருவரும் 2018-ல் ஆரம்பித்தது. கல்ஷி என்றால் அரபியில் 'எல்லாமும்' என்று அர்த்தம். அவர்கள் மாநிலங்களின் சூதாட்ட லைசென்சுக்குப் போகவே இல்லை. கோதுமை, கச்சா எண்ணெய் முன்பேர வியாபாரத்தைக் கவனிக்கும் அதே சி.எஃப்.டி.சி.யிடம் போய், 2020 நவம்பரில் எக்ஸ்சேஞ்சாக அனுமதி வாங்கினார்கள். 2024-ல் தேர்தல் சீட்டுகளுக்காகக் கோர்ட்டில் அந்த ஆணையத்தையே ஜெயித்தார்கள். 2025 ஆரம்பத்தில் விளையாட்டுக்கு வந்துவிட்டார்கள். பாலிமார்க்கெட் 2020-ல் கிரிப்டோ நாணய வழியில் பிறந்தது. 2022 ஜனவரியில் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டி அமெரிக்கர்களுக்குக் கதவை மூடியது. 2025-ல் ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சை 11 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கி முன்வாசல் வழியே திரும்பி வந்தது.

'இது சூதாட்டமில்லை, வர்த்தகம். எங்களுக்கு மத்திய அரசு அனுமதி இருக்கிறது' என்கின்றன கம்பெனிகள். 'பெயரை மாற்றினால் ஆச்சா? எங்கள் மாநிலத்தில் எங்கள் லைசென்ஸ் வேண்டும், வரி வேண்டும்' என்கின்றன மாநிலங்கள். 2025 ஏப்ரலில் நியூஜெர்சி மத்திய நீதிமன்றம் கல்ஷி பக்கம் பேசியது. ஆகஸ்டில் மேரிலாண்ட் நீதிமன்றம் எதிர்ப்பக்கம். நெவாடாவில் முதலில் சாதகம், நவம்பரில் அதே நீதிபதியிடமிருந்து பாதகம். வேடிக்கை என்னவென்றால், 2010-ல் நிதிச் சீர்திருத்தச் சட்டம் விவாதிக்கப்பட்டபோதே செனட்டர் பிளான்ச் லிங்கன், சூப்பர் பவுல் மாதிரி ஆட்டங்களை வைத்து இப்படிச் சீட்டு உருவாக்குவது சுலபம், அதைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு என்ற ரீதியில் பேசியது சபைக் குறிப்பில் இருக்கிறது. பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பிரிவின் அர்த்தம் என்ன என்று வக்கீல்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஹாக்கிக்கு வருவோம். கணிப்பவனைத் திண்டாட வைக்கும் விளையாட்டு இது. பாஸ்கெட்பாலில் ஒரு ஆட்டத்துக்கு இருநூறுக்கும் மேல் பாயின்ட். யார் கெட்டிக்காரர் என்பது கூட்டிப் பெருக்கி வெளியே வந்துவிடும். ஹாக்கியில் இரு பக்கமும் சேர்த்து ஆறு கோல் சுமார். ஒரு தடுப்பாட்டக்காரரின் ஸ்கேட்டில் பட்டு பக் திசை மாறினால் தலையெழுத்தே மாறும். 2018-ல் லோப்பஸ், மாத்யூஸ், பாமர் என்ற புள்ளியியல்காரர்கள் அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளை ஒப்பிட்டார்கள். ஹாக்கியும் பேஸ்பாலும்தான் காசு சுண்டுவதற்கு ரொம்ப அருகில் இருந்தன. அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டது எதை தெரியுமா? பந்தயச் சந்தையின் விலைகளையே. ஆட்டத்தின் நிஜமான நிகழ்தகவுக்கு அதைவிட நல்ல மீட்டர் கிடையாது என்பது அவர்கள் முடிவு.

உதாரணங்கள் வேண்டுமா? 2018-19-ல் டாம்பா பே அணி 62 ஆட்டம் ஜெயித்து அந்தக் கால ரெக்கார்டைச் சமன் செய்தது. பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்று வீட்டுக்குப் போனது. அதே வருஷம் ஜனவரி ஆரம்பத்தில் செயின்ட் லூயிஸ் அணி லீக்கிலேயே கடைசி. அப்போது ஒரு ரசிகர் 250-க்கு 1 என்ற விகிதத்தில் 400 டாலர் கட்டினார். சந்தை பாஷையில் அது அரை சென்ட் கூடப் பெறாத சீட்டு. ஜூனில் செயின்ட் லூயிஸ் கோப்பையைத் தூக்கியது; அவருக்கு ஒரு லட்சம் டாலர். 2022-23-ல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று இரண்டு ரெக்கார்டும் வைத்துவிட்டு, முதல் சுற்றில் 3-1 என்று முன்னணியிலிருந்து ஃப்ளோரிடாவிடம் தோற்றது.

இதைப் பார்த்து 'சந்தை தப்பு' என்று குதிக்கிறவர்கள் நிறைய. நம் நிகழ்தகவுப் பேப்பரில் பாஸானவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. 70 சென்ட் என்றால் 'ஜெயிக்கும்' என்று அர்த்தமில்லை. இந்த விலையில் நின்ற நூறு ஆட்டங்களில் முப்பது தோற்க வேண்டும். தோற்காவிட்டால்தான் சந்தை தப்பு. ஒரு ஆட்டத்தை வைத்து விலையைத் திட்டுவது, மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்ற அன்று நனைந்துவிட்டு வானிலை ஆபீசைத் திட்டுவது மாதிரி. ஆராய்ச்சியாளர்கள் பார்ப்பது ஆயிரக்கணக்கான ஆட்டங்களை. 2001-ல் உட்லாண்ட் தம்பதியினர், ஹாக்கிப் பந்தயக்காரர்கள் பலவீனமான அணியைக் கொஞ்சம் குறைத்தே மதிக்கிறார்கள், அதன் மேல் கட்டினால் லாபம் உண்டு என்று கண்டார்கள். 2004-ல் வேறு மூவர் அதே கணக்கைத் திரும்பப் போட்டு, அந்த லாபம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றார்கள். ஓட்டை தெரிந்த மறுநிமிஷம் யாராவது அடைத்துவிடுவார்கள்; சந்தையின் சுபாவம்.

விதிமுறை மாற்றம் கூடச் சீட்டின் வடிவத்தை மாற்றும். 2003-04 சீசன் வரை என்.எச்.எல். லீக் ஆட்டம் டிராவில் முடியலாம். அப்போது 'ஜெயிக்கும், ஜெயிக்காது' என்ற இரண்டு சீட்டு போதாது. அடுத்த சீசன் தகராறில் முழுசாக ரத்தாகி, 2005-ல் திரும்பியபோது ஷூட்அவுட் வந்தது, டிரா ஒழிந்தது. 2015 முதல் கூடுதல் நேரத்தில் பக்கத்துக்கு மூன்று பேர்தான் ஓடுவார்கள். சீட்டில் 'ஜெயிப்பது' என்றால் அறுபது நிமிஷத்துக்குள்ளா, கூடுதல் நேரமும் சேர்த்தா என்று படித்துப் பார்க்காமல் வாங்குகிறவரைத்தான் எதிரே நிற்பவர் தேடிக்கொண்டிருப்பார்.

ஆட்டத்தின் நடுவே விலை துடிப்பதைப் புரிந்துகொள்ள 2013 மே 13-ம் தேதி ஆட்டம் போதும். பாஸ்டனும் டொரான்டோவும், ஏழாவது, முடிவான ஆட்டம். கடைசிப் பகுதியில் டொரான்டோ 4-1 முன்னணி. பாஸ்டன் ஒன்று திருப்பியது. பிறகு கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கினார்கள். 1931-ல் இதே பாஸ்டனின் பயிற்சியாளர் ஆர்ட் ராஸ் ஆரம்பித்து வைத்த தந்திரம் இது. கடைசி ஒன்றரை நிமிஷத்துக்குள் இரண்டு கோல். கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 5-4. காலி கோல் வாசல் என்றால் கோல் போடும் வாய்ப்பும் கூடும், வாங்கும் வாய்ப்பும் கூடும். எப்போது எடுப்பது என்பதே ஒரு ஆப்டிமைசேஷன் கணக்கு. சந்தைக்காரர்களின் கம்ப்யூட்டர்கள் அதை ஒவ்வொரு வினாடியும் போட்டுக்கொண்டிருக்கின்றன.

இனி நெருடலான பகுதி. ஹாக்கியில் ஒற்றை ஆளாக விலையை அசைக்கக் கூடியவர் கோல்கீப்பர். இன்று முதல் கீப்பரா, மாற்றுக் கீப்பரா என்பது காலைப் பயிற்சியில் தெரிந்தால் விலை உடனே நகரும். அடுத்தது காயம். என்.எச்.எல். அணிகள் காயத்தைப் பற்றி 'உடம்பின் மேல்பாகம்', 'கீழ்ப்பாகம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது அங்கே ரொம்ப நாளைய ஜோக். தோளா, விரலா, தலையா என்று கேட்டால் பதில் வராது. எதிரணி அதே இடத்தில் அடிக்கும் என்பது அவர்கள் காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் விளைவு? சந்தைக்கு மிகத் தேவையான செய்தி, டிரஸ்ஸிங் ரூமுக்குள் இருக்கும் முப்பது நாற்பது பேருக்கு மட்டும் தெரிந்த செய்தி.

ஹாயக் சொன்னபடி, துண்டு துண்டான அறிவு விலைக்குள் வந்து சேருவதுதான் சந்தையின் பெருமை. அந்தப் பெருமை விளையாட்டில் அப்படியே விஷம். அதிகம் தெரிந்தவர்தான் அதிகம் சம்பாதிப்பார். ஹாக்கியில் அதிகம் தெரிந்தவர் ஆடுகிறவர். தேர்தலில் ஒரு ஓட்டரால் முடிவை மாற்ற முடியாது. பனித்தளத்தில் ஒரு கீப்பரால் முடியும். என் அபிப்பிராயத்தில் கணிப்புச் சந்தை பற்றிய எல்லாப் பட்டிமன்றத்துக்கும் நடுவில் இருக்கிற முடிச்சு இதுதான். 'சூதாட்டமா, வர்த்தகமா' என்பது வரி வசூலிப்பவர்களின் கேள்வி.

லீக்குக்கு இது தெரியாததல்ல. 1946-ல் டொரான்டோவின் பேப் பிராட் பந்தயம் கட்டியதற்காகத் தள்ளி வைக்கப்பட்டு, சில ஆட்டங்களுக்குப் பின் மன்னிக்கப்பட்டார். 1966-ல் ஹாக்கி புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். 1948-ல் மன்னிப்பு இல்லை. டெட்ராயிட் போலீஸ் ஒட்டுக் கேட்ட டெலிபோன் பேச்சிலிருந்து நூல் பிடித்து பில்லி டெய்லர், டான் கேலிஞ்சர் இருவரும் மாட்டினார்கள். எந்த ஆட்டமும் விலை போகவில்லை என்றுதான் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் சொன்னார். ஆனாலும் ஆயுள் தடை. விலக்கியது 1970-ல், 22 வருஷம் கழித்து. கேலிஞ்சருக்குத் தடை விழும்போது வயது 23. தடை நீங்கும்போது 45. இப்போதும் ஆட்டக்காரர் என்.எச்.எல். ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டக் கூடாது. 2023 அக்டோபரில் ஒட்டாவா அணியின் ஷேன் பின்டோ பந்தயம் தொடர்பான நடவடிக்கைகளுக்காக 41 ஆட்டம் வெளியே உட்கார வைக்கப்பட்டார், என்.எச்.எல். ஆட்டத்தின் மேல் அவர் கட்டியதாக ஆதாரமில்லை என்று லீக்கே சொன்னது.

இப்படி ஒரு கையில் பிரம்பு, இன்னொரு கையில் ஒப்பந்தப் பத்திரம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். லீக்கின் பதிலும் கேட்கத் தகுந்ததுதான்: சந்தை எப்படியும் நடக்கப் போகிறது, கூட்டு வைத்தால்தான் யார் எப்போது என்ன வாங்கினார் என்ற விவரம் நமக்குக் கிடைக்கும், சந்தேகமான விலை அசைவைக் கண்காணிக்கலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கேலிஞ்சர் காலத்தில் போலீஸ் டெலிபோன் ஒயரில் காது வைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு சீட்டும் கம்ப்யூட்டரில் பதிவு. ஆனால் என்.எச்.எல். ஒப்பந்தம் வெளியான மறுநாள், அக்டோபர் 23-ம் தேதி, அமெரிக்க பாஸ்கெட்பாலில் ஒரு ஆட்டக்காரர் உள்ளிட்ட பலரை எஃப்.பி.ஐ. கைது செய்தது. 2023 மார்ச்சில் ஒரு ஆட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியேறப் போவதை அவர் முன்கூட்டியே சொல்லி, அதை வைத்துப் பலர் பந்தயம் கட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல. ஆனால் ஆட்டம் நடந்ததற்கும் கைதுக்கும் நடுவே இரண்டரை வருஷம் என்பதைக் கண்காணிப்பை நம்புகிறவர்கள் கவனிக்கட்டும்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் இது சட்டப்படி நடக்காது. தமிழ்நாட்டில் 2022-ம் வருஷத்து ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது. 'ஒப்பீனியன் டிரேடிங்' என்ற பெயரில் இங்கே ஓடிய ஆப்களும் அதோடு காசு ஆட்டத்தை நிறுத்தின. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் சோமு என்று நான் சொன்னேனே, பல சமயம் அது சோமு இல்லை. 2024 ஏப்ரலில் சஸ்குவெஹன்னா என்ற பெரிய வர்த்தக நிறுவனம், எந்நேரமும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் வியாபாரியாகக் கல்ஷிக்குள் வந்தது. கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் இடம். ஹாஸ்டல் ரூமிலிருந்து அவர்களோடு மோதுவது பற்றி நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காசில்லாமலே செய்யக் கூடிய வேலை ஒன்று உண்டு, கடைசி வருஷ புராஜெக்டுக்கும் உதவும். 2003-ல் நாலு ஆராய்ச்சியாளர்கள் 208 அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களை வைத்து, நிஜக் காசுச் சந்தையையும் பொம்மைக் காசுச் சந்தையையும் ஒப்பிட்டார்கள். கணிப்பில் இரண்டும் சமம். ஹாக்கியிலும் அப்படித்தானா என்று நம் பசங்களே பார்க்கலாம். கிளாசில் ஐம்பது பேருக்குப் பொம்மைக் காசு கொடுங்கள். ஒரு சீசனின் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கும்போது நின்ற விலையையும் முடிவையும் எழுதி வாருங்கள். 50 முதல் 55 வரை ஒரு டப்பா, 55 முதல் 60 வரை அடுத்தது என்று பிரித்து, ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை சதவீதம் நிஜமாக ஜெயித்தது என்று கிராஃப் ஷீட்டில் புள்ளி வையுங்கள். இரண்டு அச்சிலும் ஒரே ஸ்கேல் எடுத்துக்கொண்டால், விலை சரியாக இருந்தால் புள்ளிகள் 45 டிகிரிக் கோட்டை ஒட்டி விழும். எந்த இடத்தில் கோட்டை விட்டு விலகுகிறது, மாற்றுக் கீப்பர் இறங்கிய ஆட்டங்களிலா என்று தனியாகப் பிரித்துப் பார்க்க மறக்காதீர்கள்.